வியாழக்கிழமை வந்த ஞாயிறு

நான் எழுதிய கட்டுரையின் தலைப்பை ஒரு வெளிநாட்டுப் பரிசோதகரின் அறிக்கையில் கண்டபோது முதலில் வந்தது பெருமைதான். அது ஐந்து விநாடி இருந்திருக்கும். தலைப்புக்கு நேரே, இடப்பக்க நிரலில், 'எக்ஸ்' என்று ஒற்றை எழுத்து நின்றது. அதன் பொருளைப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் விளக்கியிருந்தார்கள். காப்புரிமை கேட்கப்படும் கண்டுபிடிப்பு புதியதல்ல என்று சொல்ல இந்த ஓர் ஆவணமே போதும். அதுதான் பொருள். வாசித்துவிட்டுக் கதிரையை விட்டு எழுந்தேன். எதற்காக எழுந்தேன் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தேன்.

அறிக்கை மின்னஞ்சலில் வந்து நான்கு நாட்களாகக் கிடந்திருக்கிறது. சர்வதேசக் காப்புரிமை விண்ணப்பங்களின் நடைமுறை இந்தச் சில ஆண்டுகளில் வெகுவாக மாறிவிட்டது. தடித்த உறையில் தபாலில் வந்த அறிவித்தல்கள் எங்களுக்கு இப்போது மின்னஞ்சலில் மட்டும் வருகின்றன. விண்ணப்பத்தில் என் முகவரியைக் கொடுத்திருந்தோம். விண்ணப்பத்துக்கு உரிய என் மச்சாள் மின்னஞ்சல் பார்ப்பதில்லை. அவள் அதுவரை வாரம் ஒரு முறை தபால்காரரைத்தான் மறித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மச்சாள் என் மாமாவின் மகள், என்னைவிட இரண்டு வயது இளையவள். வாவிக்கரைக் கொட்டகை ஒன்றில் நண்டு வாடி வைத்திருக்கிறாள். தோணிக்காரர் காலையில் கொண்டுவரும் நண்டைக் கால் கட்டி, பெட்டியில் அடுக்கி, கொழும்புக்கு லொறியில் ஏற்றுவது அவள் தொழில். நண்டு உயிரோடு போய்ச் சேர வேண்டும். செத்ததை ஏற்றுமதிக்காரர் கையாலும் தொடமாட்டார். வெயிலில் நெடுந்தூரம் போகும்போது செவுள் காய்ந்தால் நண்டு செத்துவிடும். ஈரச்சாக்கு போட்டால் மேல்தட்டு காய்ந்தது. தண்ணீர் ஊற்றினால் கீழ்த்தட்டில் கிடப்பவை மூச்சுத் திணறின.

அவள் செய்த பெட்டியில் மூன்று தட்டுகள். அடித்தட்டில் இரண்டு விரல் உயரத்துக்கு வாவித் தண்ணீர். மேலிரண்டு தட்டுகளின் தரையில் ஓட்டைகள், ஆனால் செங்குத்தாக அல்ல, சாய்வாக. லொறி குலுங்கும்போது தண்ணீர் ஓட்டை வழியே மேலே சிதறுகிறது, சாய்வினால் உடனே திரும்பி விழாமல் செவுளை நனைத்துவிட்டு மெல்ல இறங்குகிறது. மோட்டார் இல்லை, பற்றரி இல்லை.

"ரோட்டில இரிக்கிற குழியெல்லாம் எனக்குச் சம்பளமில்லாத வேலக்காரன்," என்பாள். "ஆர் ரோட்டத் திருத்தினாலும் எனக்கு நட்டம்."

ஏற்றுமதிக் கம்பனி ஒன்று பெட்டியைப் பார்த்து மயங்கியது. வந்தவர் ஒளிவு மறைவில்லாமல் பேசினார். காப்புரிமை இருந்தால் பெட்டிகளை இவளிடம் வாங்குவார்கள், இல்லாவிட்டால் தாங்களே செய்துகொள்வார்கள். வாடியில் பெட்டி துளைக்கும் வேலையில் நான்கு பெண்கள் இருந்தார்கள். அன்றிலிருந்து அந்த நான்கு பேருக்கும் 'பேட்டன்ட்' என்ற சொல் மனப்பாடம்.

ஆகவே நாங்கள் கவனமாகத்தான் இருந்தோம். விண்ணப்பத்தை எழுதியவர் வந்தாறுமூலையில் வசிக்கும் ஓர் இளம் தாய். வீட்டிலிருந்தபடியே கொழும்பு நிறுவனம் ஒன்றுக்குக் காப்புரிமை ஆவணங்கள் எழுதிக்கொடுப்பவர். முதல் சந்திப்பிலேயே சொன்னார்: "அக்கா, கொழும்பில விண்ணப்பம் போடுறதுக்கு முன்னம் இத எங்கயும் வெளியில விடாதீங்க. ஆருக்கும் காட்டாதீங்க. முக்கியமா நீங்க, பேப்பர்ல எழுதாதீங்க." என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

நான் இருபத்தேழு ஆண்டுகள் பத்திரிகையில் இருந்தவள். முதலில் மாவட்ட நிருபர், பிறகு ஆசிரியபீடத்தில் செய்தி திருத்துபவள், இப்போது ஞாயிற்றுக்கிழமை இணைப்புக்கு அவ்வப்போது கட்டுரை. திகதி விடயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை உள்நாட்டு விண்ணப்பம் தாக்கலாகும், ஞாயிற்றுக்கிழமை கட்டுரை வரும் என்று ஒழுங்கு செய்தேன். கட்டுரையைச் செவ்வாயன்று எழுதி அனுப்பினேன். அதில் 'கடந்த வெள்ளிக்கிழமை இவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளார்' என்று ஒரு வாக்கியம். இனிமேல் நடக்கவிருப்பதை நடந்து முடிந்ததாக எழுதுவது ஞாயிறுப் பக்கங்களில் அன்றாட வழக்கம். வாசகரின் கையில் பத்திரிகை இருக்கும் நாளைத்தான் நாங்கள் இன்று என்போம்.

விண்ணப்பம் சொன்னபடி வெள்ளியன்று தாக்கலானது. கட்டுரை சொன்னபடி ஞாயிறன்று அச்சில் வந்தது. அந்த வெள்ளியிலிருந்து ஓராண்டுக்குள் சர்வதேச விண்ணப்பம் போட வேண்டும். அதையும் போட்டோம். இணையத்தில் கணக்குத் திறந்து, மச்சாளின் கைபேசிக்கு வரும் இலக்கத்தைக் கொடுத்து உள்ளே போகும் முறை. இலக்கம் அவள் கைவிட்ட பழைய சிம்முக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய வாரங்கள் ஓடி, ஓராண்டு முடியும் கடைசி நாளில் அனுப்பினோம். அனுப்பியானதும் வாடியில் எல்லோருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தாள்.

இப்போது அந்த அறிக்கை என் முன்னால். பரிசோதகருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. தேட வேண்டிய ஆவணங்களின் பரப்பும் கருவிகளும் விரிந்துகொண்டே போகின்றன, பொறி மொழிபெயர்ப்பு எந்த மொழியையும் விடுவதில்லை. பத்திரிகையின் இணையப் பக்கத்திலிருந்து என் வாக்கியம் ஒன்று ஆங்கிலமாகி அங்கே கிடந்தது: தட்டின் தரையில் ஓட்டைகள் செங்குத்தாக அல்லாமல் சாய்வாகத் துளைக்கப்பட்டிருப்பதால், வாகனம் குலுங்கும்போது அடித்தட்டு நீர் மேலெழுந்து நண்டின் செவுளை நனைக்கிறது. நல்ல மொழிபெயர்ப்பு. எதுவும் பிசகவில்லை. விண்ணப்பத்தின் முதலாவது உரிமைக்கோரிக்கையை அதன் பக்கத்தில் வைத்தேன். எது எதைப் பார்த்து எழுதியது என்று சொல்ல முடியாத அளவுக்கு இரண்டும் ஒன்றாக இருந்தன.

கீழே இணையத்தில் வெளியான திகதி. ஞாயிறு அல்ல. வியாழன். விண்ணப்பத்துக்கு முதல் நாள்.

அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு வாடிக்குப் போனேன். மச்சாள் நண்டுக்குக் கால் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டும்போது நிமிர்ந்து பார்க்கமாட்டாள், பார்த்தால் விரல் போய்விடும்.

"என்னகா, பேயடிச்ச ஆள் மாதிரி நிக்காய்?"

"அறிக்க வந்திரிக்கி."

"தபாலிலயா?"

"மெயில்ல."

"தபால்காரனுக்கு நான் தேத்தண்ணி ஊத்தினதெல்லாம் வீணாப் போச்சு. நல்லதா, கெட்டதா?"

"என்ட கட்டுரையக் காட்டியிரிக்காங்க."

"அட! உன்ட எழுத்து வெளிநாட்டுக்கும் போயிட்டா?"

"போய் உன்ட பெட்டிய உடைச்சிரிக்கி மச்சாள்."

அவள் கையிலிருந்த நண்டின் முடிச்சை இறுக்கி, தட்டில் வைத்து, கையைக் கழுவிவிட்டு வந்தாள். நான் சொல்லச் சொல்ல நின்றபடி கேட்டாள். பெட்டி துளைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி துளைகருவியை நிறுத்தினாள். மற்ற மூவரும் நிறுத்தினார்கள்.

"ஞாயித்துக்கிழமதானே பேப்பர் வந்த? நான் சந்தியில பத்துப் பேப்பர் வாங்கினனே. ஒண்ட சட்டம் போட்டு மாட்டியிரிக்கன், பார். திகதி இரிக்கி."

சுவரில் சட்டத்துக்குள் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மேலே ஞாயிற்றுக்கிழமைத் திகதி.

அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு அன்று பகலே வந்தாறுமூலைக்குப் போனோம். பஸ்ஸில் மச்சாள் சட்டத்தை மடியில் வைத்து, முகம் வெளியே தெரியாமல் கவிழ்த்துப் பிடித்திருந்தாள்.

விண்ணப்பம் எழுதுபவர் அறிக்கையை இரண்டு தரம் வாசித்தார். பக்கத்து அறையில் குழந்தை தூங்கியதால் மெதுவாகவே பேசினார்.

"அக்கா, ஞாயிறு எண்டா இந்த எக்ஸுக்கு முன்னால ஒரு 'பீ' விழுந்திரிக்கும். விண்ணப்பத்துக்குப் பிறகு வந்தது எண்டு அர்த்தம். அப்ப நாங்க சிரிச்சுக்கொண்டு தேத்தண்ணி குடிச்சிரிப்பம். ஒரேயொரு எழுத்து."

"தானே வெளியில சொன்னத மன்னிக்கிற நாடுகள் இரிக்கெண்டு முன்னம் சொன்னீங்களே, தங்கச்சி?" என்று கேட்டேன்.

"இரிக்கி. இலங்கையில பெரிசாப் பயமில்ல. வெளியில, சில நாடு பன்னிரண்டு மாசம் பொறுக்கும், சில நாடு ஒரு நாளும் பொறுக்காது. பொறுக்கிற நாடுகள்லயும் கொஞ்சப் பேர் எண்ணுறது கொழும்பில போட்ட நாள்ல இருந்து இல்ல, சர்வதேச விண்ணப்பம் போட்ட நாள்ல இருந்து பின்னுக்கு. நீங்க அதப் போட்டது கடைசி நாள். வியாழக்கிழமைக்கும் அதுக்கும் பன்னிரண்டு மாசமும் ஒரு நாளும்." அவர் அறிக்கையை மேசையில் வைத்தார். "ரெண்டு மாசமாச் சுறுக்காப் போடுங்க எண்டு சொன்னனே அக்கா."

மச்சாள் என்னைப் பார்க்கவில்லை. "அப்ப எங்கட நண்டு போற நாடுகள்?"

"ஒண்டு பொறுக்காது. மத்தது அந்த ஒரு நாள்ல போயிட்டு."

மச்சாள் சட்டத்தை மேசையில் நிமிர்த்தி வைத்தாள். "இதில ஞாயிறு எண்டு இரிக்கே. இவளும் எழுதித் தரட்டும், ஞாயித்துக்கிழமதான் வெளியானதெண்டு. பொய்யில்லத்தானே? பேப்பர் ஞாயிறுதானே வந்த?"

அவள் சொன்னதில் ஒரு சொல் கூடப் பொய்யில்லை. அத்தகைய வாக்கியங்களை எழுதி எனக்குப் பழக்கமும் உண்டு. அதோடு ஒரு நியாயமான சந்தேகமும் இருந்தது. இணையப் பக்கத்தில் இருக்கும் திகதி, யாரோ ஒருவர் பக்கத்தை உள்ளே ஏற்றி வைத்த நேரமாக இருக்கலாம். பொதுமக்கள் பார்த்தது ஞாயிறாகவே இருக்கலாம். இணைப்பின் பக்கங்கள் புதன்கிழமையே முடிந்துவிடும் என்பதை நான் அறிவேன். அதை முடிந்த கையோடு இணையத்தில் போட்டுவிடுவார்கள் என்று நான் நினைத்ததில்லை. நான் வேலை செய்த காலத்தில் இணையம் பத்திரிகைக்குப் பின்னால்தான் வந்தது.

"நான் எப்ப முதல்ல பாத்தன் எண்டு பாக்கிறன்," என்று கைபேசியை எடுத்தேன். ஞாயிறு காலை மச்சாள் சந்தியிலிருந்து கூப்பிட்டதுதான் என் நினைவில் இருந்தது. அதைச் சான்றாகக் காட்டலாம் என்று நம்பினேன். எங்கள் இருவருக்குமான வட்ஸ்அப் உரையாடலில் ஓராண்டுக்கும் மேலே பின்னால் போனேன். நண்டுகள், பிறந்தநாள் வாழ்த்துகள், மழைப் படங்கள், சிம் பற்றிய வசவுகள்.

வியாழக்கிழமை, பின்னேரம் ஆறு மணி பன்னிரண்டு நிமிடம். மச்சாள் அனுப்பியது. கட்டுரையின் இணைப்பு, கீழே அவள் வரி: 'என்ட படம் வந்திரிக்கி கா'.

ஆறு மணி இருபது நிமிடம். நான் அனுப்பியது. 'படம் நல்லா வந்திருக்கு. மூன்றாம் பந்தியில் ஓட்டைகள் என்பதை ஒட்டைகள் என்று விட்டிருக்கிறார்கள். நாளை திருத்தச் சொல்கிறேன்.'

நான் பார்த்திருக்கிறேன். முழுவதும் வாசித்திருக்கிறேன், மூன்றாம் பந்தி வரை, ஒரு குறிலுக்கும் நெடிலுக்கும் இடையிலான பிழையைக் கண்டிருக்கிறேன். அந்தப் பந்தியில் நான் எழுதிய 'கடந்த வெள்ளிக்கிழமை' இன்னும் வரவில்லை என்பதைக் காணவில்லை. மறுநாள் காலை ஆசிரியபீடத்துக்குத் தொலைபேசி எடுத்து அந்தப் பிழையைத் திருத்தவும் வைத்திருக்க வேண்டும். அறிக்கையில் இருந்த மொழிபெயர்ப்பில் ஓட்டைகள் சரியாகவே வந்திருந்தன. இவற்றில் ஒன்றும் என் நினைவில் இல்லை. யாராவது கேட்டிருந்தால் ஞாயிறுதான் முதலில் பார்த்தேன் என்று சத்தியம் செய்திருப்பேன்.

மச்சாள் எட்டிப் பார்த்தாள். அவளும் வாசித்தாள். முதலில் தன் வரியை, பிறகு என்னுடையதை.

"எழுத்துப் பிழ கண்டுபிடிச்சிரிக்காய்," என்றாள். குரல் உயரவில்லை. "இவ்வளவு படிச்ச நீ, எழுத்துப் பிழ கண்டுபிடிச்சிரிக்காய்."

"நீதான் எனக்கு அனுப்பியிரிக்காய்."

"நான் நண்டுக்காரி. எனக்கு வியாழனும் ஒண்டு வெள்ளியும் ஒண்டு. நீ என்ன காரி?"

அவள் தன் கைபேசியை எடுத்தாள். நண்டுக்காரர் குழுவிலும் அன்றைக்கே போட்டிருந்தாள். கதிரவெளியிலிருந்தும் கல்குடாவிலிருந்தும் ஆட்கள் கைதட்டும் படம் போட்டிருந்தார்கள். ஒருவர் ஓட்டையின் சாய்வு எத்தனை பாகை என்று கேட்டிருந்தார். அவள் பதிலும் சொல்லியிருந்தாள்.

"இதெல்லாத்தையும் அழிச்சா?" என்று கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை.

எழுதுபவர்தான் பதில் சொன்னார். "அக்கா, நான் கண்டிட்டன். இனி காணாத ஆள் மாதிரி என்னால எழுத ஏலா. நீங்க அழிச்சாலும் அத்தின பேர்ட போன்ல இரிக்கி."

பக்கத்து அறையில் குழந்தை விழித்து அழுதது. அவர் போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தை சட்டத்துக்குள் இருந்த படத்தைத் தட்டியது. மச்சாள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குழந்தையின் கையிலிருந்து சட்டத்தை மெல்ல விடுவித்து என்னிடம் தந்தாள். எனக்கு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

குழந்தையைத் தோளில் சாய்த்தபடி எழுதுபவர் கேட்டார்: "அறிக்க அனுப்பின நாள்ல இருந்து ஏறத்தாழ ரெண்டு மாசம் இரிக்கி, கோரிக்கையத் திருத்தலாம். புதுசா ஒண்டும் சேக்க ஏலா. விண்ணப்பத்தில ஏற்கெனவே இரிக்கிறதுக்குள்ளதான். அக்கா, நீங்க உங்கட கட்டுரைய வாசியுங்க. அதில என்ன இல்ல எண்டு சொல்லுங்க."

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. செய்தியில் என்ன விடுபட்டது என்று கண்டால் சேர்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. விண்ணப்பத்தை இடப்பக்கமும் கட்டுரையை வலப்பக்கமும் வைத்து, சொல் சொல்லாக, ஓர் எதிரியின் கட்டுரையை வாசிப்பதுபோல் வாசித்தேன். மூன்று தட்டு இருந்தது. அடித்தண்ணீர் இருந்தது, அளவோடு. சாய்ந்த ஓட்டை இருந்தது. எவ்வளவு நன்றாக எழுதியிருந்தேனோ அவ்வளவு நாசம்.

விண்ணப்பத்தின் ஏழாவது பக்கத்தில் ஒரு பந்தி வந்தது. தட்டின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் உள்ள வரிசைகளில் ஓட்டைகள் மற்றவற்றுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அது கட்டுரையில் இல்லை. வெட்டப்பட்டிருக்குமோ என்று நினைத்தேன். வெட்டப்படவில்லை, நான் எழுதவே இல்லை. கைப்பையில் இருந்த பழைய குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினேன். 'விளிம்பு வரிசை — எதிர்ச்சாய்வு — ஏன்? பிறகு கேட்க' என்று என் கையெழுத்தில் இருந்தது. பிறகு கேட்கவில்லை. அவள் இரண்டு தரம் விளக்கியதும், மூன்றாம் தரம் கேட்க வெட்கப்பட்டு நான் தலையாட்டியதும் நினைவுக்கு வந்தன.

"படத்தில?" என்று எழுதுபவர் கேட்டார்.

மூவரும் சட்டத்தின் மேல் குனிந்தோம். மச்சாள் தட்டைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கும் படம். தட்டின் இரு ஓரமும் தெரியவில்லை. பக்கம் செய்தவர் படத்தை இரண்டு பத்தி அகலத்துக்குள் அடக்க இருபுறமும் வெட்டியிருந்தார். இணையப் பக்கத்திலும் அதே வெட்டிய படம்தான். குழுவில் அவள் சொன்ன பதிலைத் தேடிப் பார்த்தோம். பாகையை மட்டும் சொல்லியிருந்தாள். விளிம்பைப் பற்றி யாரும் கேட்டிருக்கவில்லை.

எழுதுபவர் குழந்தையை என் மடியில் இருத்திவிட்டு மடிகணினியைத் திறந்தார். முதலாவது கோரிக்கையை அடித்து, அந்த இடத்தில் விளிம்பு வரிசைகளைச் சேர்த்துக் குறுக்கி எழுதத் தொடங்கினார். சாய்ந்த ஓட்டை மட்டும் வைத்துப் பெட்டி செய்ய இனி யாருக்கும் தடையில்லை என்று விளக்கினார். எதிர்ச்சாய்வு இல்லாத பெட்டியைக் கம்பனி நாளைக்கே செய்யலாம். குறுக்கிய கோரிக்கை புதுமையானது என்று பரிசோதகர் ஒத்துக்கொள்வார், ஆனால் போதிய அளவு புத்திசாலித்தனமானது என்று ஒத்துக்கொள்வாரா என்பதைச் சொல்ல முடியாது என்றார். வியாழக்கிழமையைப் பற்றிய விபரத்தையும், யார் யாருக்கு எப்போது அனுப்பினோம் என்பதையும் உள்ளபடி எழுதித் தரச் சொன்னார். கொழும்பில் போட்ட நாளிலிருந்து எண்ணும் நாடுகளில் அது உதவலாம். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கையெழுத்திட்டேன்.

"இந்த விளிம்பு வரிசை இல்லாட்டிப் பெட்டி சரியா வேல செய்யாதா?" என்று மச்சாளிடம் கேட்டார்.

"செய்யும். வாழச்சேன வரைக்கும் செய்யும். மறுகா லொறி பிறேக் பிடிக்கிற நேரமெல்லாம் தண்ணி முன்னுக்குப் போய் நிண்டிரும். பின்னால கிடக்கிற நண்டு காஞ்சிரும், முன்னால கிடக்கிறது தண்ணியில மூழ்கிரும். கொழும்புக்குப் போகக்குள்ள காவாசி செத்துக் கிடக்கும். அதுக்குத்தானே இத வெச்சன்."

"அதச் சொல்லுங்க. அது எப்படித் தண்ணியத் திருப்புது?"

மச்சாள் தேநீர் வந்த தட்டைக் கையில் எடுத்து, கோப்பைகளை இறக்கி வைத்துவிட்டு, சரித்துச் சரித்துக் காட்டினாள். விரலால் துளைகளின் திசையைத் தட்டின் மேல் கீறினாள். எழுதுபவர் இடையிடையே ஒரு கேள்வி கேட்டு, தலையாட்டி, தட்டச்சு செய்தார். எனக்கு முதல் பாதி பிடிபட்டது. பின்விளிம்பில் தண்ணீர் ஏன் திரும்ப வேண்டும் என்ற இடத்தில் மறுபடியும் தடம் தவறியது.

விளக்கி முடித்ததும் மச்சாள் தட்டை மேசையில் வைத்தாள். வாடியிலிருந்து புறப்பட்ட பிறகு அப்போதுதான் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இப்ப விளங்கினதா உனக்கு?"

"இல்ல மச்சாள்."

"நல்லம்," என்றாள். "அப்பிடியே இரி."